412 கையெழுத்து குடுத்தும் பதில் இல்ல, வந்தது வக்கீல் நோட்டீஸ் தான்: ஒரு வாசகிக்கு பதில்

வாசகி ஒருத்தங்க ரொம்ப நீளமா எழுதியிருக்காங்க. ஊர், நாடு, பேர் எதுவும் வெளிய வரக்கூடாதுன்னு கேட்டுக்கிட்டதால அதெல்லாம் எடுத்துட்டு விஷயத்த மட்டும் சுருக்கிச் சொல்றேன்.

இவங்க தெருமுனையில ஒரு பெரிய ரோடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆரம்பப் பள்ளி. பள்ளி வாசல்ல ஜீப்ரா கிராசிங் கிடையாது, வேகத்தடை கிடையாது. ஒரே வருஷத்துல ரெண்டு குழந்தைங்க அடிபட்டிருக்கு, அதுல ஒரு பையனுக்கு கால் எலும்பு உடைஞ்சு மாசக்கணக்குல படுக்கை. அதப் பாத்துப் பொறுக்க முடியாம இவங்க தனி ஆளா கிளம்பி மூணு வாரம் வீடு வீடா ஏறி இறங்கி 412 கையெழுத்து வாங்கி நகராட்சி ஆபீஸ்ல குடுத்துட்டு வந்தாங்க. நாலு மாசம் ஆச்சு, ஒரு வரி பதில் இல்ல. இதுக்கு நடுவுல மனுவுக்காக ஆரம்பிச்ச வாட்ஸ்அப் குரூப்ல ஒரு தம்பி, ரோடு போட்ட காண்ட்ராக்டரோட பேரையும் போட்டோவையும் போட்டு "கிராசிங்குக்கு வந்த காச இவன்தான் சாப்ட்டான்"னு எழுதிட்டாரு. மனுவுலயே "ஊழல் காரணமாக"ன்னு ஒரு வரி இருக்கு, காண்ட்ராக்டர் பேரோட, அது இவங்களே எழுதினது. இப்ப காண்ட்ராக்டர் கிட்ட இருந்து வக்கீல் நோட்டீஸ், 15 நாளுக்குள்ள மன்னிப்பும் நஷ்டஈடும் வேணுமாம். ரோட்டோரக் கடைக்காரங்க, கிராசிங் வந்தா வாசல்ல பார்க்கிங் போயிடும்னு எதிர்க்கிறாங்க. எலக்‌ஷன்ல நிக்கத்தான் இந்த அம்மா இவ்வளவு பண்றாங்கன்னு ஒரு பேச்சு. வீட்டுக்காரர் "போதும், விட்டுடு"ங்கறாரு. இன்னொன்னையும் ஒளிக்காம எழுதியிருக்காங்க: நடக்க முடியாத ஒன்பது பெரியவங்க போன்ல சரின்னு சொன்னதால அவங்க பேருக்கு நேரா இவங்களே கையெழுத்து போட்டுட்டாங்க. கடைசியா ஒரு ஆதங்கம், கால் உடைஞ்ச பையனோட அம்மாவே கையெழுத்து போட மாட்டேன்னுட்டாங்களாம்.

கேள்வி மூணு. நோட்டீஸுக்கு நான் ஜெயிலுக்குப் போகணுமா? இன்னும் ரெண்டாயிரம் கையெழுத்து சேத்தா அவங்க செஞ்சே ஆகணுமா? இல்ல நேரா கோர்ட்டுக்குப் போயிடலாமா?

அன்புள்ள சகோதரி, உங்க லெட்டர ரெண்டு தடவ படிச்சேன். நான் வக்கீலா இருந்து இந்த மாதிரி குடியிருப்போர் விவகாரம் நிறைய பாத்திருக்கேன், அதுல பெரும்பாலும் ஆரம்பிச்ச ஆளு தனியா மாட்டிக்கிட்டு நிக்கிற இடம் இதுதான், நீங்க இப்ப நிக்கிற இடம். உங்க கோரிக்கை நியாயமானது. ஆனா நீங்க உண்மைன்னு நம்பிட்டு இருக்கற ரெண்டு மூணு விஷயம் சரியில்ல, அத முதல்லயே சொல்லிடறது தான் உங்களுக்கு நல்லது.

நோட்டீஸ முதல்ல பாப்போம், ஏன்னா அதுக்குத்தான் தேதி இருக்கு

வக்கீல் நோட்டீஸ்ங்கிறது கேஸ் இல்ல. ஒருத்தர் தன் வக்கீல் மூலமா உங்களுக்கு எழுதுற லெட்டர், அவ்வளவு தான். அது கைக்கு வந்ததுனால மட்டும் யாரும் வந்து உங்கள கூட்டிட்டுப் போக முடியாது. அவதூறுங்கிறது சில நாட்டுல இப்ப சிவில் விவகாரம் மட்டும் தான், நிறைய நாட்டுல இன்னும் குற்றமாவும் இருக்கு, அதனால பயப்படவும் வேணாம், தூக்கி அலமாரியில போடவும் வேணாம். உங்க ஊர்ல தொழில் பண்ற ஒரு வக்கீல இந்த வாரமே பாருங்க. அந்த 15 நாளுக்குள்ள அவர் மூலமா பதில் போகணும். நீங்களே காண்ட்ராக்டருக்கு போன் பண்ணி சமாதானம் பேசாதீங்க, கோவத்துல மெசேஜும் அனுப்பாதீங்க, அது ரெண்டுமே நாளைக்கு உங்களுக்கு எதிரா காகிதமா வந்து நிக்கும்.

மனு குடுக்கறது தப்பே இல்ல, அத மனசுல நல்லா பதிச்சுக்கோங்க. 1688ல இங்கிலாந்துல ஏழு பிஷப்புங்க ராஜா ரெண்டாம் ஜேம்ஸ் கிட்ட மனு குடுத்ததுக்காகவே அவங்க மேல அவதூறு வழக்கு போட்டாங்க, ஜூரி விடுதலை பண்ணிடுச்சு. அடுத்த வருஷம், 1689ல வந்த உரிமைச் சட்டத்துலயே ராஜாவுக்கு மனு குடுக்கறது குடிமக்களோட உரிமை, அதுக்காக யாரையும் பிடிக்கறதும் வழக்கு போடறதும் சட்டவிரோதம்னு எழுதி வச்சுட்டாங்க. ஜப்பான் அரசியல் சட்டத்தோட 16ஆவது பிரிவு மனு குடுத்தவங்கள அதுக்காக எந்த விதத்துலயும் பாகுபாடா நடத்தக்கூடாதுன்னு சொல்லுது. அதனால "மனுவையே வாபஸ் வாங்கு"ன்னு யார் எழுதினாலும் நீங்க தலையாட்ட வேண்டியதில்ல.

ஆனா (இங்க தான் நீங்க கொஞ்சம் கவனமா கேக்கணும்) மனுவுக்குள்ள என்ன எழுதினாலும் பாதுகாப்பு உண்டுன்னு நெனச்சா அது தப்பு. அமெரிக்காவுல ஒருத்தர் இன்னொருத்தருக்கு அரசு வக்கீல் பதவி தரக்கூடாதுன்னு ஜனாதிபதி ரீகனுக்கே லெட்டர் எழுதினாரு, அதுல இருந்த குற்றச்சாட்டுக்காக அவதூறு வழக்கு வந்துச்சு. 1985ல அங்க உச்ச நீதிமன்றம், மனு குடுக்கற உரிமைங்கிறது அவதூறுக்கு முழுக் கவசம் ஆகாதுன்னு சொல்லிடுச்சு. உங்க "ஊழல் காரணமாக"ங்கிற வரி அந்த வகையில தான் வருது. உங்க கிட்ட ஆதாரம் இருக்கான்னு நான் கேட்டா என்ன சொல்வீங்க? "எல்லாருக்கும் தெரியும்"னு லெட்டர்லயே எழுதியிருக்கீங்க, எல்லாருக்கும் தெரியும்ங்கிறது ஆதாரம் இல்ல சகோதரி. அந்த ஒரு வரிய எடுத்துட்டு திருத்தின மனுவ குடுக்கறது தோத்துப் போறது ஆகாது. கிராசிங் வேணும்ங்கிற கோரிக்கைக்கு அந்த வரி துளி கூட உதவல, உங்க எதிர்த்தரப்புக்கு மட்டும் தான் உதவுது. எப்படித் திருத்தறது, வருத்தம் தெரிவிக்கணுமா வேணாமாங்கிறத உங்க வக்கீல் வார்த்தை வார்த்தையா பாத்து முடிவு பண்ணட்டும்.

வாட்ஸ்அப்ல அந்த தம்பி போட்டத முதல்ல ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுட்டு, தேதி தெரியற மாதிரி, அப்புறம் எடுக்கச் சொல்லுங்க. நீங்க தான் அட்மின். அட்மினுக்கு எவ்வளவு பொறுப்புங்கிறது நாட்டுக்கு நாடு மாறும், ஆனா பாத்த பிறகும் அப்படியே விட்டு வச்சா உங்க நிலைமை கண்டிப்பா நல்லா ஆகாது. அந்த தம்பிய திட்டி குரூப்ப விட்டு தூக்காதீங்க, அவரும் அந்தக் குழந்தைங்களுக்காக வந்த கோவத்துல தான் எழுதியிருக்காரு, கூப்பிட்டு உக்கார வச்சுப் பேசுங்க.

இன்னொரு பக்கமும் இருக்கு. பொது விஷயத்துல பேசறவங்கள வாயடைக்கவே கேஸ் போடற பழக்கம் உலகம் பூரா உண்டு, ஜெயிக்கணும்னு கூட இல்ல, அலைய விட்டா போதும்னு போடறது. 1980கள்ல அமெரிக்காவுல டென்வர் பல்கலைக்கழகத்துல ஜார்ஜ் பிரிங், பெனலோப் கானன்னு ரெண்டு பேராசிரியர்கள் இத ஆராய்ஞ்சு இதுக்கு "ஸ்லாப்"னு ஒரு பேரே வச்சாங்க. கலிஃபோர்னியாவுல 1992லயே இதுக்கு எதிரா சட்டம், கனடாவோட ஒண்டாரியோவுல 2015ல, ஐரோப்பிய யூனியன்ல 2024ல. உங்க நாட்டுல அப்படி ஒரு பாதுகாப்பு இருக்கான்னு வக்கீல் கிட்ட இந்தப் பேரச் சொல்லியே கேளுங்க.

ரெண்டாயிரம் சேந்தா செஞ்சே ஆகணுமா?

இல்ல. இத எவ்வளவு மென்மையா சொல்றதுன்னு தெரியல, ஆனா இல்ல. 2019ல பிரிட்டன்ல, ஐரோப்பிய யூனியன விட்டு வெளிய போகாதீங்கன்னு நாடாளுமன்றத்துக்குப் போன மனுவுல 60 லட்சத்துக்கு மேல கையெழுத்து. அங்க விதிப்படி 10,000 சேந்தா அரசாங்கம் பதில் சொல்லணும், ஒரு லட்சம் சேந்தா விவாதத்துக்கு எடுக்கறத பரிசீலிப்பாங்க. பதிலும் சொன்னாங்க, விவாதமும் நடந்துச்சு, 2020 ஜனவரி 31 அன்னைக்கு நாடு வெளிய போயிடுச்சு. ஐரோப்பிய யூனியன்ல குறைஞ்சது ஏழு நாட்டுல இருந்து மொத்தம் பத்து லட்சம் கையெழுத்து கொண்டு போனாலும் சட்டம் கொண்டு வரணுமா வேணாமாங்கிறத அவங்க ஆணையம் தான் தீர்மானிக்கும்.

கையெழுத்து எண்ணிக்கையே அரசாங்கத்த கட்டுப்படுத்தற இடமும் உண்டு. சுவிட்சர்லாந்துல 18 மாசத்துல ஒரு லட்சம் கையெழுத்து சேத்தா அரசியல் சட்டத்த மாத்தறதப் பத்தி நாடு முழுக்க ஓட்டு நடத்தியே ஆகணும். ஆனா அது மனு இல்ல, அது வேற ஏற்பாடு. அதே சுவிட்சர்லாந்துல சாதாரண மனுன்னா, அதிகாரிங்க அத கவனத்துல எடுத்துக்கணும், குடுத்தவங்களுக்கு அதனால எந்தக் கெடுதலும் வரக்கூடாது, அரசியல் சட்டத்துல இருக்கற உறுதி அவ்வளவு தான். உங்க நகராட்சி சட்டத்துலயும் இத்தன பேர் கேட்டா கூட்டத்துல வச்சு விவாதிக்கணும்னு ஏதாவது விதி இருக்கான்னு பாருங்க, சில இடத்துல இருக்கும். இருந்தா அந்த எண்ணிக்கைய மட்டும் குறி வைங்க. இல்லன்னா இன்னும் மூணு வாரம் வெயில்ல அலையறதுல எனக்கு உடன்பாடு இல்ல.

ஜெர்மனியில அரசியல் சட்டத்தோட 17ஆவது பிரிவுப்படி ஒரே ஒருத்தர் எழுதிக் குடுத்தாலும் அது மனு தான். ஒருத்தர் குடுத்தாலே மனுங்கிறப்ப 412 எதுக்கு? அது அதிகாரிக்காக மட்டும் இல்ல. உங்க கிட்ட 412 பேரோட வீடு தெரியும், முகம் தெரியும், கேட்டா கதவத் திறப்பாங்கன்னு தெரியும். அந்த லிஸ்ட்ட ஆபீஸ்ல ஒப்படைச்சதோட அந்த ஜனங்களையும் அங்கயே விட்டுட்டு வந்துட்டீங்க. நாலு மாசமா அவங்களுக்கு ஒரு தகவல் சொன்னீங்களா? லெட்டர்ல அதப் பத்தி ஒரு வார்த்தை கூட இல்ல. புதுசா ரெண்டாயிரம் பேரத் தேடறத விட இந்த 412 பேர் கிட்ட திரும்பப் போய் "குடுத்தேன், இன்னும் பதில் வரல, அடுத்து நகராட்சிக் கூட்டம் இன்ன தேதி, நீங்க வரீங்களா"ன்னு கேட்டு முப்பது பேர் வந்து உக்காந்தாலே அந்த அறையோட காத்து மாறிடும்.

அந்த ஒன்பது கையெழுத்து

இதுல உங்களுக்கு கெட்ட எண்ணம் துளி கூட இல்லன்னு எனக்குத் தெரியுது, ஆனாலும் கண்டிப்பா சொல்லணும். அடுத்தவங்க பேருல நீங்க போட்டா, அவங்க போன்ல சம்மதிச்சிருந்தாலும், அது பொய்க் கையெழுத்து தான். நிறைய நாட்டுல இது குற்றமாவே போகலாம், அதவிட பெரிய ஆபத்து, மிச்சம் 403 பேரோட உண்மையான கையெழுத்தையும் இது கெடுத்துடும்.

1848ல இங்கிலாந்துல தொழிலாளிங்க ஓட்டுரிமைக்காக சார்ட்டிஸ்டுகள்ங்கிற இயக்கத்துக்காரங்க குடுத்த மனுவுல 57 லட்சம் கையெழுத்துன்னு சொன்னாங்க. நாடாளுமன்ற ஆளுங்க எண்ணிப் பாத்தா 20 லட்சத்துக்கும் கம்மி, அதுலயும் விக்டோரியா மகாராணி பேரு, வெலிங்டன் பிரபு பேரெல்லாம் கையெழுத்தா இருந்துச்சு. கிட்டத்தட்ட 20 லட்சம் பேர் கேட்டிருக்காங்கங்கிறதே எவ்வளவு பெரிய விஷயம்! அதப் பத்தி யாரும் பேசல, பொய்ப் பேரப் பத்தித்தான் ஊரெல்லாம் பேச்சு. அவங்க கேட்ட ஆறு கோரிக்கையில அஞ்சு பின்னால சட்டமாச்சு, ஆனா அந்த மனுவோட மதிப்பு அன்னைக்கே போயிடுச்சு.

அதனால மத்தவங்க கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிடுங்க. ஆபீஸுக்கு ஒரு சின்ன லெட்டர், இன்ன இன்ன வரிசை எண்ணுல இருக்கற ஒன்பது கையெழுத்து சம்பந்தப்பட்டவங்க கைப்பட போட்டது இல்ல, அத நீக்கிக்கங்க, எண்ணிக்கை 403. இந்த லெட்டரயும் அனுப்பறதுக்கு முன்னாடி வக்கீல் கிட்ட காட்டிடுங்க. அந்தப் பெரியவங்க வீட்டுக்கு நேர்ல போய் அவங்க கையாலயே போட வைங்க, கை நடுங்குறவங்கன்னா கைரேகை வச்சு பக்கத்துல ஒரு சாட்சி. அப்படியே இன்னொன்னு: அந்த லிஸ்ட்ல எல்லாரோட முகவரியும் போன் நம்பரும் இருக்கு, அந்தத் தாள போட்டோ எடுத்து குரூப்ல போட்டிருந்தீங்கன்னா உடனே எடுத்துடுங்க. அவங்க அத கிராசிங்குக்காகக் குடுத்தாங்க, வேற எதுக்கும் குடுக்கல.

என்ன கேட்டீங்கங்கறது தான் எனக்கு பெரிய கவலை

மனுவோட நகல இணைச்சிருந்தீங்க. ரெண்டு பக்கம். ஒன்றரைப் பக்கம் நகராட்சி எவ்வளவு அலட்சியம்ங்கிறது, கடைசியில "எனவே குழந்தைகளின் பாதுகாப்பிற்கு தகுந்த நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்". இத வாங்கி வச்ச அதிகாரி இடத்துல இருந்து யோசிங்க, அவர் என்ன செய்யணும்? எந்த இடத்துல, என்ன வேலை, எப்பக்குள்ள, யார் செய்யணும், ஒன்னுமே இல்ல. இப்படி எழுதினா "தகுந்த நடவடிக்கை எடுக்கப்படும்"னு ஒரு வரி எழுதி ஃபைல மூடிடலாம், பொய்யும் இல்ல.

அதுக்கும் முன்னாடி ஒரு கேள்வி. அந்த ரோடு யாரோடது? சிரிச்சுடாதீங்க, நான் பாத்த மனுவுல பாதி தப்பான ஆபீஸ்ல தூங்கிட்டு இருந்தது தான். தெரு நகராட்சியோடதா இருக்கும், அதுல போய் சேர்ற பெரிய ரோடு நெடுஞ்சாலைத் துறையோடதா இருக்கும். சிக்னல்னா அதுக்கு போக்குவரத்து போலீஸ் சம்மதமும் வேணும்பாங்க. நாலு மாசம் பதில் வராததுக்கு அலட்சியம் மட்டும் தான் காரணம்னு முடிவு பண்ணிடாதீங்க, "இது நம்ம ரோடே இல்ல"ன்னு ஒருத்தர் எடுத்து ஓரமா வச்சிருக்கலாம்.

ரோடு யாரோடதுன்னு தெரிஞ்ச பிறகு, என்ன வேணும்ங்கிறத அவங்களுக்கு மறுக்க முடியாத மாதிரி எழுதுங்க. லெட்டர்ல நீங்க வேகத்தடை தான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கறீங்க. ஆம்புலன்ஸும் பஸ்ஸும் போற பெரிய ரோட்டுல வேகத்தடை போட மாட்டோம்னு இன்ஜினியர் விதியக் காட்டி மறுத்துட்டா உங்க மனு அதோட முடிஞ்சுது. அதுக்கு பதிலா "பள்ளி ஆரம்பிக்கற, விடற நேரத்துல வாசல்ல எந்த வண்டியும் 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போகாத மாதிரியும், குழந்தைங்க நின்னு கடக்க ஒரு இடம் இருக்கற மாதிரியும் செய்யுங்க"ன்னு கேளுங்க. அத எப்படி செய்யறதுங்கிறது அவர் தொழில். கிராசிங்க மேடா தூக்கிப் போடலாம், ரோட்ட அந்த இடத்துல குறுக்கலாம், நடுவுல நின்னு போக ஒரு திட்டு கட்டலாம், சிக்னல் வைக்கலாம், முதல் மாசமே பெயின்ட்டும் பலகையும் கொடி பிடிச்சு நிறுத்தற ஒரு ஆளும் போட்டாக்கூட உயிர் காப்பாத்தும்.

30ன்னு ஏன் சொல்றேன்னா, 50ல வர்ற வண்டி டிரைவர் பாத்து பிரேக்ல கால் வைக்கிற அந்த ஒரு செகண்ட்லயே கிட்டத்தட்ட 14 மீட்டர் ஓடிடும், 30ல வந்தா எட்டு மீட்டர் சொச்சம். பிரேக் பிடிக்கறதுக்கு முன்னாடியே அஞ்சாறு மீட்டர் வித்தியாசம், ஒரு குழந்தை எடுத்து வைக்கிற எட்டு பத்து அடி. சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினா உயிர் போற விபத்துக்கான ஆபத்து நாலு சதவீதம் கூடும்னு உலக சுகாதார அமைப்பு சொல்லுது. இந்த ரெண்டையும் மனுவுல எழுதுங்க, அந்த ஒன்றரைப் பக்க வசவ வெட்டிடுங்க.

கூடவே உங்க சொந்தக் கணக்கு. ஒரு நோட்டு எடுத்துக்கோங்க, அஞ்சு நாள், காலையில அரை மணி, சாயங்காலம் அரை மணி, எத்தன குழந்தைங்க கடக்குது, எத்தன வண்டி போகுது, எத்தன தடவ வண்டி திடீர்னு பிரேக் அடிச்சுது. ரெண்டு ரெண்டு பேரா முறை போட்டுக்கோங்க, தேதியும் நேரமும் எழுதி எண்ணினவங்க கையெழுத்தும் வேணும். 1978ல அமெரிக்காவோட லவ் கேனால்ங்கிற இடத்துல லோயிஸ் கிப்ஸ்னு ஒரு அம்மா, ரசாயனக் கழிவு புதைச்ச நிலத்து மேல இருந்த தன் பையனோட பள்ளிய மூடணும்னு வீடு வீடா மனு கொண்டு போனாங்க. கதவு கதவா பேசினப்ப தான் எந்தெந்த வீட்டுல என்னென்ன நோய்னு தெரிய வந்துச்சு, அத அக்கம்பக்கத்தாரோட சேந்து வரைபடத்துல குறிக்க ஆரம்பிச்சாங்க. அந்த ஆகஸ்ட்லயே பள்ளிய மூடச் சொல்லி உத்தரவு, அடுத்த சில நாள்ல ஜனாதிபதி கார்ட்டர் அவசரநிலை அறிவிச்சாரு. கையெழுத்து வாங்கப் போனப்ப கேட்ட விஷயம் தான் அங்க பெரிய ஆயுதமா மாறுச்சு. நீங்களும் 412 கதவ தட்டியிருக்கீங்க, "எங்க குழந்தையும் ஒரு தடவ தப்பிச்சுது"ன்னு எத்தன பேர் சொன்னாங்க? ஞாபகம் இருக்கறத இன்னைக்கே எழுதி வைங்க.

நெதர்லாந்துல 1971ல ரோட்டு விபத்துல சுமார் 3,300 பேர் செத்தாங்க, அதுல 400க்கு மேல குழந்தைங்க. அப்ப அப்பா அம்மாமாருங்க "குழந்தைக் கொலைய நிறுத்து"ன்னே பேரு வச்சு தெருவுக்கு வந்தாங்க. இன்னைக்கு அந்த நாட்டுல குழந்தைங்க சைக்கிள்ல பள்ளிக்கூடம் போறத எல்லாரும் வியந்து பாக்கறாங்களே, அதுக்குப் பின்னால அந்த ஜனங்களோட வருஷக்கணக்கான பிடிவாதமும் இருக்கு.

பதில் எப்படி வாங்கறது

மனு குடுத்தப்ப சீல் போட்ட நகல் வாங்கினீங்களான்னு தெரியணும். இல்லன்னா திருத்தின மனுவ பதிவுத் தபால்லயோ நேர்லயோ குடுத்து தேதியும் எண்ணும் போட்ட ஒப்புகை வாங்குங்க. அப்புறம் தகவல் கேளுங்க. அரசு காகிதத்த மக்கள் கேட்டுப் பாக்கலாம்னு ஸ்வீடன் 1766லயே சட்டம் போட்டுச்சு, இந்தியாவுல 2005 சட்டப்படி 30 நாள்ல பதில் தரணும், பிரிட்டன்ல 20 வேலை நாள். உங்க சட்டத்துல எத்தன நாளோ அதப் பிடிச்சுக்கிட்டு நாலே நாலு கேளுங்க: என் மனு இப்ப யார் மேஜையில, இதுவரைக்கும் என்ன எழுதியிருக்காங்க, அந்த ரோடு யார் பொறுப்பு, ரோடு போட்ட ஒப்பந்தத்துல கிராசிங் இருந்துச்சா.

கடைசிக் கேள்விய நல்லா பாருங்க. ஒப்பந்தத்துல கிராசிங் இருந்து, பணம் பட்டுவாடா ஆகி, ரோட்டுல கிராசிங் இல்லன்னா, நீங்க "ஊழல்"னு எழுதவே வேணாம், அந்தக் காகிதத்த இணைச்சாப் போதும். இல்ல ஒப்பந்தத்துலயே கிராசிங் இல்லன்னா அந்த மனுஷன் மேல வீணா பழி போட்டிருக்கோம்னு ஆகும், அதையும் நீங்க ஏத்துக்கத் தயாரா இருக்கணும்.

கோர்ட்டு இப்ப வேணாம். எந்த நீதிபதியும் முதல்ல கேக்கறது "சம்பந்தப்பட்ட அதிகாரிய சரியா கேட்டீங்களா, அவர் என்ன சொன்னாரு"ங்கிறது தான். தப்பான ஆபீஸுக்கு, தெளிவில்லாத கோரிக்கையோட போன மனுவ வச்சுக்கிட்டு அங்க போய் நின்னா திருப்பி அனுப்பிடுவாங்க, செலவு உங்களோடது. இன்ன டிசைன்ல ரோடு போடுன்னு நீதிமன்றம் சொல்றது அபூர்வம், மனுவ இத்தன நாளுக்குள்ள பரிசீலிச்சு முடிவெடுன்னு சொல்ல வாய்ப்பு அதிகம். அதுக்கும் ஒப்புகையும் நினைவூட்டல் லெட்டரும் உங்க கையில இருக்கணும்.

கடைக்காரங்களும் வீட்டுக்காரரும்

கடைக்காரங்கள நீங்க "சுயநலக்காரங்க"ன்னு எழுதியிருக்கீங்க. அவங்க பயம் பொழப்பு பத்தின பயம், அது நிஜம். கிராசிங்னா வாசல் பூரா பார்க்கிங் போயிடும்னு யார் சொன்னா? ஒருவேளை நாலு வண்டி நிக்கிற இடம் தான் போகும், ஒருவேளை சரக்கு இறக்க பள்ளி நேரம் தவிர்த்து அனுமதி கேக்கலாம். அத இன்ஜினியர் கிட்ட நீங்களும் அவங்களும் சேந்தே போய் கேளுங்க. அவங்கள்ல ஒருத்தர் கையெழுத்து போட்டாலும் அது நூறு கையெழுத்துக்குச் சமம், ஏன்னா எதிர்ப்ப சாக்கா வச்சு தள்ளிப் போட முடியாம போயிடும்.

எலக்‌ஷன் பேச்சுக்கு வாயால பதில் சொல்லாதீங்க. மனுவ உங்க ஒருத்தர் பேருல வைக்காம அஞ்சு பேர் கொண்ட குழு ஆக்குங்க, தலைமை ஆசிரியர், ஒரு தாத்தா, ஒரு கடைக்காரர்னு கலந்து. அடுத்த லெட்டர்ல முதல் கையெழுத்து வேற யாரோடதாவது இருக்கட்டும். வீட்டுக்காரர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு, அவர் கிராசிங்க எதிர்க்கல, நீங்க ராத்திரி தூங்காம இருக்கறதப் பாத்து தான் சொல்றாரு. வேலைய அஞ்சு பேர் பிரிச்சுக்கிட்டா அவருக்கும் மனசு ஆறும். நியூசிலாந்துல பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு கேட் ஷெப்பர்டும் கூட இருந்தவங்களும் 1891ல 9,000 பேர் கையெழுத்தோட போனாங்க, நடக்கல, அடுத்த வருஷம் கிட்டத்தட்ட 20,000, அப்பவும் நடக்கல, 1893ல கிட்டத்தட்ட 32,000, செப்டம்பர்ல சட்டம் வந்துச்சு. மூணு வருஷம் அது ஒருத்தர் தோள்ல மட்டும் இருந்திருந்தா நின்னிருக்காது.

அந்தப் பையனோட அம்மா

"யாருக்காக நான் இதெல்லாம் பண்றேனோ அவங்களே கையெழுத்து போடல"ன்னு எழுதியிருக்கீங்க. உங்க வலி புரியுது. ஆனா அவங்க நிலைமைய யோசிங்க. இடிச்ச வண்டிக்காரரோட இழப்பீட்டுப் பேச்சு நடந்துட்டு இருக்கலாம், வக்கீல் எதுலயும் கையெழுத்து போடாதீங்கன்னு சொல்லியிருக்கலாம், இல்ல அந்த நாளப் பத்தி இன்னொரு தடவ யார் கிட்டயும் பேச அவங்களுக்குத் தெம்பே இல்லாம இருக்கலாம். மனுவுல கையெழுத்து போடறது எவ்வளவு உரிமையோ, போடாம இருக்கறதும் அவ்வளவு உரிமை. கையெழுத்து கேட்டு நீங்க ஊர்ல ஒட்டின நோட்டீஸ் தாள்ல அந்தப் பையன் கட்டுப் போட்ட காலோட இருக்கற போட்டோவ போட்டிருக்கீங்க, அவங்க கிட்ட கேட்டு போட்டதா தெரியல. மத்த எல்லா வேலைக்கும் முன்னாடி அந்தத் தாள ஒட்டின இடத்துல இருந்து எடுத்துடுங்க, குரூப்ல இருந்தும் எடுங்க. எடுத்துட்டு அவங்க வீட்டுக்கு ஒரு தடவ போங்க, மனுத் தாள் இல்லாம. கேக்காம போட்டுட்டேன், மன்னிச்சுக்கோங்கன்னு சொல்லுங்க, பையன் இப்ப எப்படி நடக்கறான்னு கேளுங்க. கிராசிங் பேச்ச அவங்க எடுத்தா பேசுங்க, இல்லன்னா வேணாம்.